பெரிய கிராணி தன் கையால் போட்ட மாலை

என் மகள் வேலை பார்க்கும் ஆபீஸில், காகிதத்தின் இரண்டு பக்கமும் அச்சடிக்கச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். வந்த கடித உறையைத் தூக்கிப் போடாமல் மறுபடி பயன்படுத்துகிறவர்களுக்குப் பாராட்டும் உண்டாம். "மரத்தைக் காப்பாத்துறோம்மா" என்று பெருமையாகச் சொன்னாள். நல்ல காரியம்தான். ஆனால் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

ஏன் எழுந்து போனேன் என்பதை அவளிடம் சொல்வதைவிட, என் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்வது எளிது. ரப்பர் விலை விழுந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தி, கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது நாமெல்லாம் சிறுபிள்ளைகள். இப்போது நாம் ஒன்றுகூடும்போதெல்லாம், இந்த வயதில் யார்மீதும் வன்மம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உங்களில் யாராவது ஆரம்பிக்கிறீர்கள். நானும் முயன்று பார்த்தேன். ஒரே ஓர் ஆள் விஷயத்தில் என்னால் முடியவில்லை. முடிய வேண்டும் என்று இப்போது ஆசையும் இல்லை.

அந்த ஆள் அப்பா வேலை செய்த ஆபீஸின் தலைமை கிளார்க். கிளார்க்கை அந்தக் காலத்தில் கிராணி என்போம். ஊரெல்லாம் அவனைப் 'பெரிய கிராணியார்' என்றது. நான் 'ஆர்' போடப் போவதில்லை.

நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டு வரிசையில் குடியிருந்தோம். ரயில் எஞ்சின் புகை அலமாரிக்குள் மடித்து வைத்த துணியில்கூட இருக்கும். தோட்டங்களின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆபீஸில் அப்பா பியூன். பியூனைத் துரைமார் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை நரைத்த அப்பாவும் அங்கே தம்பிதான். காகிதம், மை, பேனா முள், குண்டூசி, அரக்கு, நூல் இதெல்லாம் இருந்த அறையின் சாவி அவர் இடுப்பில் தொங்கும். வீட்டுக்கு வந்து அவர் என்னைத் தூக்கும்போது அந்தச் சாவி என் முழங்காலில் இடிக்கும். மை வாசனையும் அரக்கு வாசனையும் கலந்து அடிக்கும்.

ரப்பர் விலை விழுந்ததும் ஆபீஸில் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. கட்டைப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுப் பென்சில். அப்பா அந்தக் கட்டைகளை மூங்கில் குழாயில் செருகி, விரலுக்கு எட்டாத அளவு தேயும்வரை ஓடவிடுவார். மை ஒற்றும் தாளை நாலாகக் கிழித்துக் கொடுப்பார். பழைய ஃபைல்களில் துருப்பிடித்த குண்டூசிகளைச் சாம்பலில் தேய்த்துப் பளபளப்பாக்குவார். பார்சல் நூலை முடிச்சு அவிழ்த்து உருண்டையாகச் சுற்றுவார். கார்பன் தாள் மங்கிவிட்டால் அனலில் லேசாகக் காட்டுவார், மை மறுபடி பரவும்.

எங்களுக்குப் பிடித்தது உறை வேலை. வந்த கடித உறைகளை அப்பா கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். சோறு கொதிக்கும் பானையின் ஆவியில் அம்மா அதைக் காட்டுவாள். பசை இளகும். அத்தை பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, மரவள்ளி மாவுப் பசையில் ஒட்டுவாள். புது உறை. நான் அடுக்கி மேலே அம்மிக்குழவியை வைப்பேன். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தோட்டத்துக் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். அவளுக்குக் காகிதப் பூ கட்டுவது தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணப் பந்தல் என்றால் அத்தையின் பூதான்.

இவ்வளவு சிக்கனத்துக்கும் துரை பெரிய கிராணியைப் பாராட்டினாராம். அப்பா அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை.

ஒரு பக்கம் எழுதித் தள்ளிய தாள்களை என்ன செய்வது என்று அப்பா கேட்டபோது, "உறையாக்க முடியாதத நீயே எடுத்துக்க தம்பி" என்று பெரிய கிராணிதான் சொன்னான். அப்பா கொண்டுவந்தார். அதே பசையில் எங்கள் வீட்டுப் பலகைச் சுவரின் சந்துகளை அடைத்து ஒட்டினோம். அந்த வருஷம் எனக்குத் தம்பி பிறந்திருந்தான். அவன் தூளி தொங்கிய மூலையில் மூன்று தாள் கனத்துக்கு ஒட்டினாள் அம்மா. நான் படுத்துக்கொண்டே சுவரைப் பார்ப்பேன். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கம்பெனியின் சின்னம். ஒரு ரப்பர் மரம், அடியில் பால் கிண்ணம். மரம் பச்சை, கிண்ணம் கறுப்பு. என் பள்ளி நோட்டும் அந்தத் தாள்களைத் தைத்ததுதான்.

ஆனால் எல்லாக் காகிதமும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மாதத்தில் சில நாள் பெரிய கட்டுகள் லோரி ஏறிக் கிள்ளானில் ஒரு மளிகைக்கடைக்குப் போகும். ஏற்றிவிடுவது அப்பா. ஏற்றச் சொல்வது பெரிய கிராணி. "துரைக்குத் தெரியும்" என்பான். அப்பா நம்பினார்.

ஒருநாள் துரை கிள்ளானுக்குப் போயிருந்தபோது அவருடைய டிரைவர் கச்சாங், அதாவது வேர்க்கடலை, வாங்கித் தின்றிருக்கிறார். பொட்டலத்தில் பச்சை மரம். பிரித்துப் பார்த்தால் ஒரு தோட்டத்தில் எவ்வளவு பால் இறங்குகிறது என்கிற விவரம். போட்டிக் கம்பெனிக்காரன் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆவது. துரைக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் சீமையிலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் தெரியாது, மலாயும் அரைகுறை. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கிள்ளான் கடையைப் பற்றி அப்பா தமிழில் சொல்லச் சொல்ல, அவன் இங்கிலீஷில் வேறு எதையோ சொல்லியிருக்கிறான். துரையின் முகம் சிவந்ததைப் பார்த்துப் பயந்துபோன அப்பா, "சாயா தா அம்பில், துவான்" என்று தனக்குத் தெரிந்த மலாயில், நான் எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இடுப்புச் சாவியை அங்கேயே அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் மழை. வெளியே போன காகிதமெல்லாம் திரும்பி வரவேண்டும் என்று துரை உத்தரவு போட்டுவிட்டாராம். பெரிய கிராணி இரண்டு ஆட்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வெள்ளைக் கோட்டு, முகத்தில் பவுடர். குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்றான்.

"சுரண்டுங்க" என்றான்.

அந்த ஆட்கள் கத்தியால் சுவரைச் சுரண்டினார்கள். தாள் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. அப்பா கைகட்டி நின்று, "ஐயா, நீங்கதானே எடுத்துக்கச் சொன்னீங்க" என்றார்.

"நானா? எப்ப சொன்னேன்? போலீஸுக்குப் போகாம விடுறேனே, அதுக்கு நீ கும்பிடணும்."

"அந்த மூலைய மட்டும் விட்டுடுங்கய்யா. பச்சப்புள்ள படுத்திருக்கு" என்றாள் அம்மா.

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்து, "அதுவும் கம்பெனி சொத்துதான்" என்றான். தூளியை அத்தை அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அந்த மூலையையும் சுரண்டினார்கள். கடைசியாக என் கையில் இருந்த நோட்டை அவனே பிடுங்கிக்கொண்டான். அதில் நான் பெருக்கல் வாய்பாடு எழுதி வைத்திருந்தேன்.

அன்றிரவிலிருந்து சுவரெல்லாம் காற்று. சாக்கைத் தொங்கவிட்டோம், நனைந்து நாறியது. தம்பிக்கு மார்ச்சளி பிடித்தது. அந்த மழைக்காலத்தை அவன் தாண்டவில்லை. என் மகன் டாக்டருக்குப் படித்தவன். பலகைச் சந்துக் காற்றில் குழந்தை சாகாதும்மா, அது வேற கிருமியா இருக்கும் என்று ஒருமுறை விளக்கினான். இருக்கலாம். நாங்கள் தப்பாகவே புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் சுவரைச் சுரண்டிய சத்தத்தைக் கேட்டவள் நான். அவனில்லை.

அப்பா ஒரு மரவாடியில் பலகை சுமக்கப் போனார். அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

பல மாதம் கழித்து, பெரிய கிராணி மகளுக்குக் கல்யாணம் என்று தெருவெல்லாம் பேச்சு. மாப்பிள்ளை அதே கிள்ளான் மளிகைக்கடைக்காரர். முதல் மனைவியை இழந்தவர், மாமனாருக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. அந்தப் பெண் கான்வென்டில் படித்தவள். டீச்சராகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். நான் தெருவில் அவளைப் பார்த்தால் 'அக்கா' என்பேன், சிரிப்பாள். அவ்வளவுதான் பழக்கம்.

கிராணியின் மனைவி அத்தைக்கு ஆள் அனுப்பினாள். பந்தலுக்குப் பூ கட்ட வேண்டும். துரைக்குப் போட ஒரு பெரிய மாலையும் வேண்டும். நிஜப்பூ துரையின் கோட்டில் கறை பண்ணிவிடுமாம், காகிதத்தில்தான் வேண்டுமாம். எங்களுக்குச் செய்ததை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள் என்று நினைக்கிறேன். நினைவிருந்து கூப்பிட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"போகாத" என்றார் அப்பா.

"போயி என்னன்னு பாத்துட்டு வரேன் அண்ணே" என்றாள் அத்தை.

அவள் திரும்பி வந்தபோது தலையில் ஒரு கட்டு. பூவுக்கான காகிதத்தைக் கடையில் வாங்க மனமில்லாமல் அவன் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறான். கட்டைப் பிரித்தாள். புத்தம் புதிய கம்பெனிக் கடிதத் தாள். ஓர் எழுத்து எழுதாதது. "தலைப்ப வெட்டி அடுப்புல போட்டுட்டு, மீதிய சாயம் போட்டுக்க" என்று சொல்லி அனுப்பினானாம்.

அப்பா ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது.

"மரம் கறுப்பா இருக்கே" என்றார்.

"அதுக்கென்ன அண்ணே?"

"நான் இருந்தப்ப பச்ச மரம். ரெண்டு மையில அடிச்சா செலவுன்னு, இனிமே ஒரே மையில அடிக்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டாரு. அந்தத் தாள் வர்றதுக்குள்ள என்ன நிறுத்திட்டாங்க. இது எனக்கப்புறம் வந்தது."

அத்தை அந்தத் தாளை அவரிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து தலைப்புகளை வெட்ட ஆரம்பித்தாள். அடுப்பில் போடவில்லை. முந்தானையில் சேர்த்துக்கொண்டாள். மீதித் தாளை இளஞ்சிவப்புச் சாயத்தில் முக்கிக் கொடியில் உலர்த்தினாள். வீடே ரோஜா நிறமாகிவிட்டது. உலர்ந்ததும் இதழ் வெட்டி ஒரு பூ கட்டினாள். நடுவில், மகரந்தம் இருக்கவேண்டிய இடத்தில், வெட்டி வைத்த தலைப்பை வட்டமாக நறுக்கி வைத்தாள். தள்ளி நின்று பார்த்தால் வெள்ளையில் கறுப்புப் புள்ளி. கிட்டே வந்தால் மரமும் கிண்ணமும்.

அப்பா மரவாடியிலிருந்து வந்து அதைப் பார்த்துவிட்டார்.

"வேணாம்மா. கல்யாண வீடு."

"நம்ம வீட்டுல ஒரு தூளி தொங்குச்சு அண்ணே."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் வெளியே போய்விட்டார். அத்தை கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து பசைச் சட்டியைக் கொண்டுவந்து அத்தையின் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து இதழ் வெட்டத் தொடங்கினாள். நானும் உட்கார்ந்தேன். பந்தலுக்கான பூக்களை வெறும் பூவாகவே கட்டினோம். துரையின் மாலையில் மட்டும் பூவுக்கு ஒரு மரம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறெந்த வேலையும் செய்ததில்லை. சொல்ல வெட்கமில்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்தபிறகு துரை வந்தார். நானும் அத்தையும் பந்தலின் பின்பக்கம், சமையல்காரர்களோடு நின்றோம். மேளம் நின்றது. துரைக்குப் பெரிய நாற்காலி. கூட்டத்தின் மறைவிலிருந்து யாரோ வெள்ளித்தட்டை நீட்ட, பெரிய கிராணி அதிலிருந்து மாலையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துத் துரையின் கழுத்தில் போட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். துரை சிரித்துக்கொண்டே குனிந்து, மாலையைச் சரிசெய்யக் கையை வைத்தார்.

கை நின்றது. ஒரு பூவை விரலால் விரித்தார். அடுத்த பூ. அதற்கடுத்தது. நெஞ்சிலிருந்து இடுப்புவரை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பெரிய கிராணியும் குனிந்து பார்த்தான். அவன் காது நிறம் மாறியதை அவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்த்தேன். அவன் வேகமாக என்னவோ பேசினான். எனக்கு இங்கிலீஷ் புரியாது. 'தம்பி, தம்பி' என்று வந்தது மட்டும் கேட்டது. அப்பாவின் தலையில் போடுகிறான் என்று அந்த வயதிலேயே தெரிந்துவிட்டது.

துரை ஒரு பூவைப் பிய்த்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "பிளாக்" என்றார். கறுப்பு, அந்த ஒரு சொல் எனக்கும் தெரியும். மாலையைக் கழற்றாமலே காருக்கு நடந்தார்.

அத்தை என் கையைப் பிடித்தாள். "வா, போலாம். இவங்க வீட்டுச் சாப்பாடு வேணாம்" என்றாள். பாயச வாசனை என்னை இழுத்தது. ஆனாலும் போனேன்.

அடுத்த வாரம் அவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கோட்டு இல்லை. அப்பாவைப் பார்த்து, "தம்பி, நீ ஒருதரம் துரைகிட்ட வரணும்லா. புதுத் தாள் வந்தப்பவும் நீ ஆபீஸ்ல இருந்தேன்னு சொன்னா போதும். உனக்கு வேற இடத்துல வேல பாத்துத் தரேன்" என்றான்.

அப்பா எழுந்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் போயிருப்பார். அப்படிப்பட்ட மனுஷன். அம்மா வாசலுக்கு வந்து குறுக்கே நின்றாள்.

"அவரு வரமாட்டாரு."

"இல்லம்மா, நான் புள்ளகுட்டிக்காரன்..."

"உள்ள வாங்க" என்றாள் அம்மா. அவன் தயங்கி வந்தான். "அந்த மூலையில நில்லுங்க. காத்து வருதா?"

அவன் நின்றான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பலகைச் சந்தில் சாரலோடு வந்த காற்றில் அவன் வேட்டி அசைந்தது. அவன் பேச வாயெடுத்தபோதெல்லாம் அம்மா, "இன்னும் கொஞ்சம் நில்லுங்க" என்றாள். அவன் தலைமுடி ஈரமாகும்வரை நிற்க வைத்தாள். பிறகு, "இப்பப் போங்க" என்றாள்.

அவன் வேலை போயிற்று. வீட்டை விற்றுவிட்டு மனைவியோடு ஊருக்குக் கப்பலேறிப் போனான். அங்கே என்ன ஆனான் என்று விசாரித்து வைத்திருக்கிறேன், நன்றாக இல்லை. அப்பாவைத் துரை திரும்பக் கூப்பிடுவார் என்று நான் தினமும் வாசலில் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. துரை எங்களுக்காக நியாயம் பார்த்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆள்குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு இரண்டு பேர் தாமாகவே கிடைத்தார்கள் என்பது பிற்பாடுதான் புரிந்தது. அப்பா கடைசிவரை மரவாடியில்தான் சுமந்தார். "அவனுக்கும் ஒரு மக இருக்காளே" என்று அப்பா சொன்ன அன்று, அவரைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தை ஜப்பான்காரன் காலத்தில் போய்ச் சேர்ந்தாள். யுத்தம் முடிந்து, எனக்கும் கல்யாணமாகி, ஒரு வேலையாகக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். மழைக்கு ஒரு மளிகைக்கடையில் ஒதுங்கினேன். பெட்டியடியில் உட்கார்ந்திருந்தவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் பிறகுதான் அடையாளம் கண்டுகொண்டேன். அந்த அக்கா. முடி நரைத்திருந்தது.

"நீ காகிதப்பூ அம்மா வீட்டுப் பொண்ணுதானே?" என்றாள். "உங்க அத்த எப்படி இருக்காங்க?"

இறந்துவிட்டதைச் சொன்னேன். அவள் தலைகுனிந்தாள். அவள் குடும்பத்தைக் கெடுத்தது நாங்கள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பிக் கொடுக்கத் தயாராகவும் இருந்தேன்.

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். "இனிமே உங்கிட்டத்தான் சொல்லணும். அன்னிக்கு அந்த மாலைய தட்டுல வச்சு எங்கப்பாகிட்ட நீட்டுனது நான்."

"நீங்களா?"

"காலையில அலங்காரம் பண்ணிக்கிட்டு இருந்தப்பவே மாலை பக்கத்துல இருந்துச்சு. ஒரு பூவ விரிச்சுப் பாத்தேன். அப்புறம் எல்லாத்தையும் பாத்தேன். எங்கம்மா வந்தப்ப பாவாடையால மறைச்சுக்கிட்டேன்."

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கடைக்குக் கட்டுக் கட்டாக் காகிதம் அனுப்புனாரு. அதே மாதிரி என்னையும் கட்டி அனுப்பிட்டாரு. டீச்சர் வேலைக்கு என்னக் கூப்பிட்டு வந்த காகிதமும் ஒரு கட்டுக்குள்ள இங்கதான் கெடந்துச்சு. வந்த புதுசுல நானே கண்டெடுத்தேன்."

உள்ளேயிருந்து அவள் புருஷன், கிழவர், இருமிக்கொண்டே தண்ணீர் கேட்டார். அவள் அசையவில்லை. மறுபடி கேட்டார். அவள் எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு" என்றாள். "மழை விடட்டும். அவரு இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும்."